புதுமையை எதிர்ப்பவர் மூடரா?

(சங்கத்தின் கூட்டமொன்றிற் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் நிகழ்த்திய பேச்சு)



"மக்கள் புதிய யந்திரங்களையும் புதிய முறைகளையும் ஏன் எதிர்க்கிறார்கள்?" என்னும் பொருள் பற்றிப் பேசும்படி சங்கச் செயலாளர் எனக்குக் கட்டளையிட்டிருக்கிறார். அனுபவத்திற் பெரியவர்கள் பலர் அமர்ந்திருக்கும் இச்சபையிலே, வயதிற் சிறியவனாகிய நான் இதனைப் பேசுவதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. இத்தலைப்பைக் கேட்ட மாத்திரத்தே வாலிபர்கள் பெரியோரைத் திரும்பிப் பார்ப்பார்கள். பெரியோர்கள் வாலிபரைத் திரும்பிப் பார்ப்பார்கள். "எதற்கெடுத்தாலும் வேண்டாம் என்பவர்கள் இவர்களே" என்று ஒரு சாராரும், "எதையும் ஆராயாமல் ஓடிப்போய் எடுப்பவர்கள் இவர்களே" என்று மறு சாராரும் மனத்துள் எண்ணிக்கொள்வார்கள். இவ்விரு சாராருக்கும் நடுவே நின்று, சரித்திரத்தைச் சாட்சிக்கு அழைத்துச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

இக்கேள்விக்கு நாம் எல்லோரும் ஆயத்தமாக வைத்திருக்கும் விடை ஒன்று உண்டு. அறியாமை என்பதே அவ்விடை. படிப்பில்லாதவன் புதியதைக் கண்டு அஞ்சுகிறான்; படிப்பு வந்தால் அச்சம் நீங்கும்; அச்சம் நீங்கினால் எதிர்ப்பும் நீங்கும் என்கிறோம். இவ்விடையில் ஓரளவு உண்மை இல்லாமலில்லை. ஆனால் இது மிகவும் வசதியான விடை. எதிர்ப்பவன் அறிவிலி என்று தீர்த்துவிட்டால், அவன் சொல்வதைச் செவிகொடுத்துக் கேட்கும் கடமை நமக்கு இல்லாமற் போய்விடுகிறதல்லவா? வசதியான விடைகளை இருமுறை சோதித்துப் பார்ப்பது நல்லது.

யந்திரத்தை எதிர்த்த மூடர்கள் என்றவுடன் உலகம் சுட்டிக்காட்டுவது இங்கிலாந்து தேசத்து லட்டைற் கூட்டத்தாரை. 1811ஆம் ஆண்டிலே நொற்றிங்காம் பகுதியில் இரவு நேரங்களில் முகத்தை மறைத்துக்கொண்டு புறப்பட்டுச் சென்று, காலுறை பின்னும் தறிகளைச் சம்மட்டி கொண்டு உடைத்தவர்கள் இவர்கள். நெட் லட் என்ற ஒரு கற்பனைத் தலைவனின் பெயராலே கடிதங்கள் எழுதினார்கள். இன்றுங்கூட ஆங்கிலத்தில் ஒருவனைப் பத்தாம்பசலி என்று பழிக்கவேண்டுமானால் இவர்களுடைய பெயரைச் சொல்லியே பழிக்கிறார்கள்.

ஆனால் அவர்கள் உடைத்தது எதை என்று பாருங்கள். காலுறை பின்னும் தறி அவர்களுக்குப் புதியதன்று. வில்லியம் லீ என்பவர் அதனை 1589இலே கண்டுபிடித்துவிட்டார். இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக அந்த யந்திரத்தினாலேயே அவர்கள் சீவித்து வந்தார்கள். யந்திரத்தில் அவர்களைவிடத் தேர்ந்தவர் அந்நாட்டில் இருந்திருக்க முடியாது. பின்னர் ஏன் உடைத்தார்கள்? அகலமான தறிகளிலே துணியாகப் பின்னி, அதனை வெட்டித் தைத்து, மட்டமான காலுறைகளை மலிவாக விற்கும் முறையை முதலாளிகள் சிலர் கொண்டுவந்தார்கள். தொழில் பழகாதவர்களைக் குறைந்த கூலிக்கு அமர்த்தினார்கள். கூலி விழுந்தது; சரக்கின் பெயருங் கெட்டது. தறியுடைத்தவர்கள் கண்ட தறியையெல்லாம் உடைக்கவில்லை. ஒழுங்கான கூலி கொடுத்தவர்களுடைய தறிகளை விட்டுவிட்டு, கூலியைக் குறைத்தவர்களுடைய தறிகளையே தேடி உடைத்தார்கள். அறியாமையினால் அடிப்பவன் இப்படிப் பார்த்துப் பார்த்து அடிப்பானா?

யோக்சயர்ப் பகுதியில் நடந்தது இன்னும் சிந்திக்கத் தக்கது. கம்பளித் துணியின் மேலெழும் மயிரைப் பெரிய இரும்புக் கத்தரியாலே சமப்படுத்தும் தொழிலாளர் அங்கே இருந்தனர். நெடுங்காலம் பழகினாலன்றிக் கைவராத தொழில் அது. அதனைச் செய்யும் யந்திரம் வந்தபோது, அவர்கள் எடுத்த எடுப்பிலே சம்மட்டியைத் தூக்கவில்லை. முதலிலே பாராளுமன்றத்துக்கு மனுப் போட்டார்கள். தங்கள் தொழிலுக்குக் காவலாயிருந்த பழைய சட்டங்களை நடைமுறைப்படுத்துமாறு கேட்டார்கள். யந்திரத்தைச் சிறிது சிறிதாகக் கொண்டுவாருங்கள் என்றார்கள். யந்திரத்தாற் செப்பனிடப்படும் துணிக்கு யாருக்கு ஆறு பென்ஸ் வீதம் வரி விதித்து, வேலையிழந்தவர்கள் வேறு வேலை தேடும்வரை அந்நிதியால் அவர்களைத் தாங்கலாம் என்ற யோசனையும் அவர்களிடமிருந்து எழுந்தது. இது மூடர்களுடைய பேச்சா? இன்றைய பொருளியல் நிபுணர்கள் மாநாடு கூட்டிப் பேசும் பேச்சல்லவா?

அதற்குக் கிடைத்த மறுமொழி என்ன? 1809ஆம் ஆண்டிலே பாராளுமன்றம் அந்தப் பழைய சட்டங்களை அடியோடு நீக்கிவிட்டது. 1812இலே தறியுடைப்பவனுக்கு மரணதண்டனை விதிக்கும் சட்டம் வந்தது. பிரபுக்கள் சபையில் அதனைக் கண்டித்து, கவிஞராகிய பைரன் பிரபு தமது கன்னிப் பேச்சை நிகழ்த்தினார், பயனில்லை. அதே ஆண்டு ஏப்பிரில் மாதத்திலே ஓர் ஆலையதிபர் சுட்டுக் கொல்லப்பட்டார். கொலையை நாம் நியாயப்படுத்த முடியாது. அக்கொலை அவர்கள் பக்கத்து நியாயத்தையுங் கெடுத்தது. 1813 ஜனவரியில் யோர்க் நகரத்திலே பதினேழு பேர் தூக்கிலிடப்பட்டார்கள்.

யந்திரம் வென்றது என்று நாம் படிக்கிறோம். ஆம், வென்றது. பிற்காலத்தவர்கள் மலிவான துணியை உடுத்தார்கள். ஆனால் இலாபம் பேரருக்குப் போயிற்று. நட்டம் பாட்டனுடைய தலையில் விழுந்தது. இலாபமடைபவன் ஒருவன், நட்டமடைபவன் வேறொருவன் என்றிருக்கும்போது, நட்டமடைபவனைப் பார்த்து, "முன்னேற்றத்தை ஏன் எதிர்க்கிறாய்?" என்று கேட்பது அறமாகுமா? அடிமடியிலே கைவைத்தால் எவன்தான் பொறுப்பான்?

அப்படியானால் எதிர்ப்பவர்கள் எப்போதும் சரி, புதுமை எப்போதும் பிழை என்று சொல்கிறேனோ என நீங்கள் ஐயுறலாம். அன்று. எதிர்த்தவர்கள் பெரும் பிழை விட்ட ஒரு சரித்திரத்தையும் சொல்கிறேன்.

எட்வேர்ட் ஜென்னர் என்னும் வைத்தியர் 1796இலே பெரியம்மைக்கு எதிராக அம்மைப்பால் குத்தும் முறையைச் சோதித்து, 1798இலே அதனை நூலாக வெளியிட்டார். மாட்டிலே தோன்றும் அம்மையிலிருந்து எடுத்த பாலை மனித உடம்பிற் செலுத்துவதா என்று மக்கள் திகைத்தார்கள். பால் குத்திக்கொண்டவர்களுடைய உடம்பிலிருந்து மாடுகள் முளைப்பதாக 1802இலே ஒரு கேலிச்சித்திரம் வெளிவந்தது. இங்கே அறியாமை இருந்தது, மறுப்பதற்கில்லை. அம்மைப்பால் உண்மையான காவல் என்பதிலும் ஐயமில்லை. 1980ஆம் ஆண்டிலே உலக சுகாதார ஸ்தாபனம் பெரியம்மை உலகினின்றும் ஒழிந்தது என்று பிரகடனஞ் செய்தது. தலைமுறை தலைமுறையாக மனிதரைக் கொன்றும் குருடாக்கியும் வந்த ஒரு கொடுநோயைப் பூண்டோடு அழித்தது அந்தச் சிறு கீறலே.

ஆயினும் கதை அவ்வளவோடு முடியவில்லை. இங்கிலாந்திலே எதிர்ப்பு மிகக் கடுமையானது ஜென்னருடைய காலத்திலன்று. சட்டம் வந்த பின்னரே. 1853இலே பிறந்த குழந்தைகளுக்கு மூன்று மாதத்துக்குள் பால் குத்தவேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். 1867இலே அதனை மேலும் இறுக்கினார்கள். மறுத்தவர்களுக்குத் தண்டம், தண்டங் கட்ட வழியற்ற ஏழைகளுடைய வீட்டுப் பொருள்களைப் பறிமுதல் செய்தார்கள், சிலர் சிறையும் சென்றார்கள். பணக்காரன் தண்டத்தைக் கட்டிவிட்டுப் போனான். ஏழை கட்டிலையும் கதிரையையும் இழந்தான். அக்காலத்திலே ஒரு குழந்தையின் கையிலிருந்து மறு குழந்தையின் கைக்குப் பாலை எடுத்துக் குத்தும் வழக்கமும் இருந்தது. அதனால் வேறு நோய்கள் தொற்றக்கூடும் என்று பெற்றோர் அஞ்சினார்கள். அவ்வச்சம் வெறும் பிரமையன்று. அவ்வாறு நோய் தொற்றியதும் உண்டு. 1885 மார்ச்சிலே லெஸ்டர் நகரத்தில் பல்லாயிரவர் திரண்டு ஊர்வலம் போனார்கள். ஈற்றிலே, ஓர் அரச ஆணைக்குழு பல்லாண்டு விசாரித்தபின், 1898இலே மனச்சாட்சியின் பேரில் மறுப்பவர்களுக்கு விலக்களிக்கும் சட்டம் வந்தது. கைக்குக் கை பால் எடுத்துக் குத்தும் முறையும் கைவிடப்பட்டது.

இதிலிருந்து நாம் அறிவது யாது? எதிர்த்தவர்கள் அம்மைப்பாலைப் பற்றிச் சொன்னது பிழை. தங்களை நடத்திய விதத்தைப் பற்றிச் சொன்னது பெரும்பாலும் சரி. ஒரே வாயிலிருந்து வரும் பேச்சில் இரண்டும் கலந்திருக்கும். பதரை விலக்கி நெல்லை எடுப்பதுபோல இரண்டையும் பிரித்தெடுக்க வேண்டியது கற்றவர்களுடைய கடமை. பதர் கலந்திருக்கிறது என்று மூட்டையோடு வீசுகிறவன் நல்ல கமக்காரன் அல்லன்.

இனி நமது மண்ணுக்கு வருவோம். ஒரு புதிய முறையை மக்கள் மனம் ஒப்பி ஏற்கும்படி செய்வது எவ்வாறு என்பதற்கு நல்ல உதாரணம் நமது யாழ்ப்பாணத்திலேயே உண்டு. மிஷன் கல்லூரியிற் பயின்றவனாகையால் நான் அவர்களுடைய புகழைப் பாட வந்தேன் என்று எண்ணவேண்டாம். டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இலே அமெரிக்க மிஷனைச் சேர்ந்தவராக இங்கு வந்தார். வைத்தியத்தோடு தமது சமயத்தைப் பரப்பும் நோக்கமும் அவருக்கு இருந்தது. அதனை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மானிப்பாயிலே அவர் செய்த வைத்தியப் பணியிலிருந்து, எச்சமயத்தவரும் கற்கத்தக்க பாடம் ஒன்று உண்டு.

அவர் முதலிலே தமது மாணவர்களுக்கு ஆங்கிலத்திலேயே வைத்தியம் கற்பித்தார். ஆங்கிலங் கற்ற வைத்தியர்கள் நல்ல சம்பளத்தை நாடி ஊரை விட்டுப் போகத் தலைப்பட்டார்கள். கிராமத்திலோ, மேல்நாட்டு வைத்தியம் அந்நியமாகவே நின்றது. ஆகவே 1864இலே தமிழிலேயே கற்பிக்கத் தொடங்கினார். அதற்கு நூல்கள் வேண்டுமே? தாமே தமிழ் கற்று, தமிழறிஞர்களையும் தம் மாணவர்களையும் துணைக்கொண்டு, நூல்களை ஒன்றன்பின் ஒன்றாக வெளியிட்டார். பிரசவ வைத்தியம், இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம், கெமிஸ்தம் என்பன அவற்றுட் சில. உடற்கூறுகளுக்கும் நோய்களுக்கும் மருந்துகளுக்கும் தமிழிலே பெயர் தேடி வைத்தார்கள். அவரிடம் தமிழிற் கற்றவர்கள் நம்மூர்ப் பிள்ளைகள்; நோயாளியை "அம்மா, ஆச்சி" என்று அழைத்து, நோவை அவளுடைய பாஷையிலேயே விசாரிக்கக்கூடியவர்கள். கத்தி அதே கத்திதான். மருந்தும் அதே மருந்துதான். ஆனால் அதனை நீட்டிய கை தெரிந்த கை. தெரிந்த கை நீட்டுவதை வாங்குவது மனித சுபாவம்.

இதே யாழ்ப்பாணத்திலே, இதற்குச் சற்று முன்னரே, வேறொரு புதுமையை வேறொரு விதமாக எதிர்கொண்ட பெரியார் ஒருவர் உண்டு. ஆறுமுகநாவலர் அவர்களையே சொல்கிறேன். மிஷனரிமாருடைய பிரசாரத்தை அவரைப்போல எதிர்த்தவர் யாருமிலர். அப்பிரசாரத்துக்குப் பெருங்கருவியாயிருந்தது அச்சியந்திரம். மானிப்பாயிலிருந்து அவர்களுடைய நூல்களும் துண்டுப்பிரசுரங்களும் வெளிவந்தவண்ணம் இருந்தன. நமது நூல்களோ ஏட்டுச் சுவடிகளிற் கிடந்தன. யந்திரம் பரசமயத்தாருடையது, தொடமாட்டோம் என்று நாவலர் சொல்லியிருக்கலாம். சொன்னாரில்லை. 1848இலே வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியவர், அடுத்த ஆண்டே சென்னைக்குச் சென்று, அச்சியந்திரம் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார். அதிலே பிள்ளைகளுக்குப் பாலபாடங்கள் அச்சாயின. பழைய நூல்கள் பரிசோதிக்கப்பட்டு அச்சேறின. யந்திரத்தை வைத்திருந்தவர்களுடைய நோக்கம் வேறு, யந்திரம் வேறு என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர் அவர். எதிர்க்கவேண்டியதை எதிர்த்தார்; எடுக்கவேண்டியதை எடுத்தார்.

இன்னுமோர் உதாரணம், இது நம் காலத்தது. 1950களிலே நோர்வே தேசத்து உதவியுடன் கேரளக் கரையிலே மீன்பிடியை நவீனப்படுத்தும் திட்டமொன்று தொடங்கிற்று. நல்ல எண்ணத்தோடே தொடங்கினார்கள். காலப்போக்கிலே இறால் ஏற்றுமதியின் இலாபங் கண்டு இழுவைப் படகுகள் பெருகின. கடலின் அடிநிலத்தை வாரிக்கொண்டு போகும் அந்த வலை பெரிய மீனோடு குஞ்சையும், முட்டையிடும் இடத்தையும் சேர்த்தே அழித்தது. கட்டுமரத்திலும் வள்ளத்திலும் தொழில் செய்தவர்கள் கூக்குரலிட்டார்கள். "பாமரர்கள் முன்னேற்றத்தைத் தடுக்கிறார்கள்" என்பார் அப்போதும் இருந்தார்கள். பல ஆண்டுப் போராட்டத்தின்பின், 1988இலே கேரள அரசு மாரிகாலத்தில் இழுவைமடித் தொழிலைத் தடைசெய்தது. நமது இலங்கையிலே 2017இல் அடியோடு அதனைத் தடைசெய்யும் சட்டம் நிறைவேறிற்று. பாக்குநீரிணையிலே இழுவைப் படகுகளால் வலையறுந்து வருந்தும் நம் வடகரைத் தொழிலாளரைக் கேட்டால், அந்த யந்திரத்தைப் பற்றி எந்தப் பேராசிரியரிலும் தெளிவாகச் சொல்வார்கள். கடலை அறிந்தவர்கள் அவர்கள். அவர்களுடைய எதிர்ப்பு அறிவின் குரலாயிருந்தது; நாடுகள் அதனைக் காலந் தாழ்த்திக் கேட்டன.

இவ்வுதாரணங்களையெல்லாம் ஒருங்கே வைத்து நோக்கினால் ஒன்று புலனாகும். மக்கள் எதிர்ப்பது பெரும்பாலும் யந்திரத்தையன்று; அதனோடு கூட வரும் ஏற்பாட்டையே. ஆகவே ஒருவர் புதியதொன்றை வேண்டாம் என்னும்போது, அவரை மூடர் என்று தள்ளுமுன் மூன்று வினாக்களை நாம் கேட்டுப் பார்க்கவேண்டும். இதனால் இவர் இழப்பது என்ன? இதனைக் கொண்டுவருபவரை இவர் நம்புவதற்குக் காரணம் உண்டா? இதனைத் தீர்மானித்தபோது இவரை யாரேனும் ஒரு வார்த்தை கேட்டார்களா? இம்மூன்றுக்கும் நேர்மையாக விடை தேடியபின்னரும் எதிர்ப்பிலே நியாயம் காணப்படாவிடின், அப்போது அதனை அறியாமை என்று சொல்வோம்; சொல்லிவிட்டு, பொறுமையோடு விளக்குவோம்.

வாலிப நண்பர்களே, நமது வீடுகளிலே இவ்வினாக்களைக் கேட்டுப் பாருங்கள். மின்சாரக் கட்டணத்தைக் கைத்தொலைபேசியிலேயே கட்டலாம் என்கிறோம். "வேண்டாம் தம்பி, நான் கந்தோருக்கே போய்க் கட்டுகிறேன்" என்கிறார் பெரியவர். நாம் சிரிக்கிறோம். அவர் இழப்பது என்ன? கையில் வாங்கி மடித்து வைக்கும் பற்றுச்சீட்டை இழக்கிறார். பிழை நேர்ந்தால் முகம் பார்த்துக் கேட்க ஓர் ஆளை இழக்கிறார். பிள்ளைகளைக் கேளாமல் தம் காரியத்தைத் தாமே பார்த்துக்கொள்ளும் கௌரவத்தை இழக்கிறார். தொலைபேசி வழியாகப் பணத்தை ஏமாற்றிப் பறிப்பவர்கள் மலிந்திருக்கும் இக்காலத்திலே, அவருடைய தயக்கம் முழுவதையும் பேதைமை என்று சொல்ல முடியுமா?

அன்றியும், நாம் சிரிக்கும் சிரிப்பு நெடுநாள் நிலைக்கப் போவதில்லை. 2022ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து, கேட்டதற்கு மறுமொழி எழுதும் செயற்கை நுண்ணறிவு யார் கையிலும் கிடைக்கிறது. கடிதம் எழுதுகிறது, மொழிபெயர்க்கிறது, கணக்குப் பார்க்கிறது. எழுதுவினைஞர், மொழிபெயர்ப்பாளர், கணக்காளர் என்று நாம் எந்தப் பதவிகளை நம்பிப் பரீட்சைகள் எழுதுகிறோமோ, அந்தப் பதவிகளின் வாசலிலே அது வந்து நிற்கிறது. யோக்சயர் நாட்டுக் கத்தரித் தொழிலாளன் நெடுங்காலம் கைப்பழக்கிய தொழிலை யந்திரம் செய்யக் கண்டு நின்றானே, அவனுடைய இடத்தில் நாளைக்கு நிற்கப்போகிறவர்கள் நாமாகவும் இருக்கலாம். அப்போது, "இலாபம் யாருக்கு? நட்டம் யாருக்கு? எங்களைக் கேட்டீர்களா?" என்று நாமும் கேட்போம். அக்கேள்வியைக் கேட்கும்போது நம்மை ஒருவரும் மூடர் என்று சொல்லக்கூடாது என்று விரும்புகிறோமல்லவா? அப்படியானால் அந்த மரியாதையை இன்றைக்கே பிறருக்குக் கொடுத்துப் பழகுவோம்.

பெரியோர்களுக்கும் ஒரு விண்ணப்பம். சிறியவன் சொல்கிறேன் என்று கோபிக்கலாகாது. "வேண்டாம்" என்பதோடு நின்றுவிடாமல், ஏன் வேண்டாம் என்பதையும் சொல்லுங்கள். யோக்சயர்த் தொழிலாளர் வரியும் நிதியும் வேண்டும் என்று கேட்டார்களே, அவ்வாறு இது வேண்டும், இப்படி வேண்டும் என்று கேளுங்கள். காரணஞ் சொல்லாத மறுப்பைப் பிடிவாதம் என்று தள்ளுவது எளிது. காரணத்தோடு கூடிய மறுப்பைத் தள்ளுவது எளிதன்று. நாவலரவர்கள் அச்சியந்திரத்தைத் தொடாமல் விட்டிருந்தால், அக்கருவி முழுவதும் மற்றவர்கள் கையிலேயே இருந்திருக்கும். இன்றைய கருவிகளும் அத்தகையனவே. தமிழ் அறிந்தவர்களும் ஊரறிந்தவர்களும் கிட்டவே போகாவிட்டால், நம் பாஷையையும் நம் தேவையையும் அறியாதவர்களே அவற்றை நமக்காகத் தீர்மானிப்பார்கள்.

முடிவாக, நமது சங்கத்துக்கு ஒரு யோசனை. வாரத்தில் ஒரு மாலை, சங்க மண்டபத்திலே, வாலிபர்கள் சிலர் பெரியோர்களுக்குக் கைத்தொலைபேசியிலே வேண்டியதைக் காட்டிக்கொடுக்கட்டும். தமிழிலே காட்டட்டும்; ஆறுதலாகக் காட்டட்டும்; பத்து முறை கேட்டாலும் முகஞ் சுளியாமற் காட்டட்டும். ஏமாற்றுக்காரர்களுடைய சூழ்ச்சிகளையும் சொல்லிக்கொடுக்கட்டும். அத்தோடு நில்லாமல், எங்கே சிக்கல், எதனை நம்ப முடியவில்லை, எதற்குப் பழைய முறையே மேல் என்று பெரியோர்கள் சொல்வதை ஒரு கொப்பியிலே குறித்துக்கொள்ளட்டும். வங்கிக்கோ அரசாங்கக் கந்தோருக்கோ சொல்லவேண்டியது அதில் இருந்தால், சங்கத்தின் பெயரால் மனுவாக எழுதி அனுப்புவோம். செலவு அதிகமில்லை, மண்டபம் இருக்கிறது, மின்விளக்கு இருக்கிறது, வாலிபர் இருக்கிறோம். பெரியோர்கள் வந்து உட்கார்ந்தாற் போதும். காட்டிக்கொடுப்பவர்களுள் முதலாவதாக என் பெயரை எழுதிக்கொள்ளுமாறு செயலாளர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.